இன்ஸ்பெக்டரின் செவலை

இனி சேவல் சண்டைப் பக்கமே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு, வீரணனைக் கோர்ட் நன்னடத்தை ஜாமீனில் விட்டிருந்தது. சேவல் காலில் கத்தி கட்டுவதில் அவன் கெட்டிக்காரன்.

"நிபந்தனையை மீறிட்டான். போன சண்டையில என் கண்ணால பார்த்தேன். உள்ளே தள்ளுங்க" என்று நீதிபதி முன்னால் மீசையை முறுக்கினார் இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு. அந்த மீசைக்கே தனியாக ஒரு சல்யூட் எதிர்பார்க்கிற மனுஷன்.

வக்கீல் இல்லாத வீரணன் தானே பேசினான். "நான் போகலைங்கய்யா. கேள்விப்பட்டதோட சரி. அங்க ஒரு செவலைச் சேவல் பயந்து ஓடிச்சாம். அது சேவலே இல்ல, அடைக்கோழின்னு ஊரே சிரிக்குது."

"எவன்டா சொன்னது? ஒரே வெட்டுல ஜெயிச்சுதுடா என் செவலை!"

சொன்ன பிறகுதான் துரைக்கண்ணுவின் கை மீசையை விட்டு இறங்கியது.

வீரணன் கும்பிட்டான். "அந்தச் செவலைக்குக் கத்தி கட்ட வரமாட்டேன்னு சொன்னேங்கய்யா. அதுக்குத்தான் இந்தக் கேஸு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வீரணன் வீட்டுக்குப் போகலாம். சேவல்காரர் நிற்கட்டும்."