யானைப் பேச்சு படித்த மைனா

ஆறு ஓடுகிற ஒரு காட்டில், இரண்டு கரையிலும் யானைகள் இருந்தன. கிழக்குக் கரை யானைகள்தான் பழைய கூட்டம். எப்போதோ அதிலிருந்து சில யானைகள் ஆற்றைத் தாண்டி மேற்கே போய்க் குடியேறிவிட்டன. எல்லாம் பேசியது ஒரே யானைப் பேச்சுதான். ஆனால் கிழக்குக் கரை யானைகள் தொண்டைக்குள் அழுத்திப் பேசும். மேற்குக் கரை யானைகள் மூக்கால் இழுத்துப் பேசும். அவ்வளவுதான் பிள்ளைகளே, வித்தியாசம். அதற்குப் போய் இந்தக் கதையில் எவ்வளவு அமர்க்களம் பாருங்கள்!

இரண்டு கூட்டமும் தண்ணீருக்கு வருகிற துறையில் ஒரு வயதான வாகை மரம் நின்றது. அதன் பொந்தில் சொக்கி என்ற மைனா கூடு கட்டியிருந்தது. போன வருஷம் சொக்கியின் கூடு வேறொரு மரத்தில் இருந்தது. தழை தின்ன வந்த ஒரு யானை அந்த மரத்தை நெற்றியால் முட்டித் தள்ளிவிட்டது. முட்டையெல்லாம் போயிற்று. சொக்கி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. யானை என்ன செய்யும், பாவம்! அதற்கு மைனாப் பேச்சு தெரியாது.

அழுது முடித்த சொக்கி ஒரு முடிவுக்கு வந்தது. "இனிமே நான் யானைப் பேச்சு கத்துக்கப் போறேன். யாராவது மரத்தைத் தள்ள வந்தா, வேண்டாம்னு அவங்க பேச்சிலேயே சொல்லிடுவேன்."

தினமும் துறைக்குப் போய், யானைகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டது. மைனாவுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? கேட்டது அப்படியே வாயில் வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பக்கத்து மரத்துக் கிளி வந்து மூக்கை நுழைக்கும் வரை.

கிளி பெருமைக்காரி. "சொக்கி, படிக்கிறதுதான் படிக்கிறே, கிழக்குக் கரைப் பேச்சாப் படி. அதுதான் அசல். அந்தக் கம்பீரம் வேற எதுக்கு வரும்?" என்றது.

கீழ்க்கிளையில் கொட்டை கொறித்துக்கொண்டிருந்த அணில் குதித்து வந்தது. அணிலுக்குப் புதுசு எதுவோ அதுதான் பிடிக்கும். "ஐயே! கிழக்குக் கரைப் பேச்சை இப்ப யாரு பேசறா? மேற்குக் கரை மாதிரி மூக்கால பேசு. கேக்கறதுக்கே ஜோரா இருக்கும்!"

"மூக்கால பேசறது ஒரு பேச்சா? சளி பிடிச்ச மாதிரி!"

"உன் கிழக்குக் கரை மட்டும்? தொண்டையில முள்ளு குத்தின மாதிரி!"

இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரு யானையோடாவது பேசியதுண்டா என்றால், கிடையாது.

சொக்கிக்குக் குழப்பமாகிவிட்டது. தப்பான கரையைப் பிடித்துவிட்டால் யானை சிரிக்குமே என்று பயந்தது. காலையில் 'வணக்கம்' என்பதைத் தொண்டையால் சொல்லிப் பழகியது. சாயங்காலம் அதையே மூக்கால் சொல்லிப் பழகியது. காலையில் கிளி "ஆகா" என்றால் அணில் முகத்தைச் சுளிக்கும். சாயங்காலம் அணில் "சபாஷ்" என்றால் கிளி திரும்பி உட்கார்ந்துகொள்ளும்.

இதற்குள் வாகைப் பொந்தில் இட்ட முட்டைகள் பொரிந்து குஞ்சுகளும் வந்துவிட்டன. ஒருநாள் சொக்கியின் வீட்டுக்காரர் மைனா, குஞ்சு வாயில் புழுவை வைத்தபடியே கேட்டது. "ஏன் சொக்கி, 'இந்த மரத்தைத் தள்ளாதே'ன்னு யானைப் பேச்சில எப்படிச் சொல்றது?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல வணக்கம் சுத்தமா வரட்டும்" என்றது சொக்கி.

வீட்டுக்காரர் அடுத்த புழுவுக்குப் பறந்து போய்விட்டது.

ஒரு காலைநேரம். குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. புதர் விலகியது. ஒரு பெண் யானை ஆடி அசைந்து வந்து வாகை மரத்தடியில் நின்று, அண்ணாந்து தழையைப் பார்த்தது.

எந்தக் கரை யானை? முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கும்?

"தொண்டையால சொல்லு!" என்றது கிளி.

"மூக்கால, மூக்கால!" என்றது அணில்.

சொக்கி கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையால் ஒரு வணக்கம் போட்டது. அடடா, என்ன வணக்கம்! கிழக்குக் கரையிலேயே பிறந்து வளர்ந்த யானை தோற்றுப் போகும். கிளி கழுத்தை நிமிர்த்தி அணிலைப் பார்த்தது.

பெண் யானைக்கு ஒரே ஆச்சரியம். 'நம்ம பேச்சு இவ்வளவு நல்லா தெரிஞ்ச பறவையா!' என்று சந்தோஷப்பட்டு, மடமடவென்று பேச ஆரம்பித்துவிட்டது. மழைத்தண்ணீர் மாதிரி கொட்டியது பேச்சு. சொக்கிக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

யானை கேட்டது என்ன என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். "இந்த வாகையில யாராவது குடியிருக்காங்களா, இல்லே காலி மரமா? காலின்னா நான் தள்ளிக்கட்டுமா?"

நல்ல யானை. கேட்டுவிட்டுத்தான் செய்ய நினைத்தது.

'புரியவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு அழகாக வணக்கம் சொல்லிவிட்டு, புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. நாமும் செய்வோமே, அதையேதான் சொக்கியும் செய்தது. சிரித்த முகமாகத் தலையை ஆட்டிவைத்தது.

யானை நன்றி சொல்லிவிட்டு, நெற்றியை மரத்தில் வைத்தது.

மரம் கிறீச்சிட்டது. வேர் ஒரு பக்கம் மண்ணோடு கிளம்பியது. பொந்துக்குள் குஞ்சுகள் அலறின. கிளி பறந்துவிட்டது. அணில் அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது.

தொண்டையாவது, மூக்காவது! சொக்கி யானையின் கண்ணுக்கு நேரே பாய்ந்து போய், தன் சொந்த மைனாக் குரலில், கீச்சுக் குரலில், வாயில் வந்த யானைச் சொற்களையெல்லாம் கத்தியது.

"வேண்டாம்! மரம் வேண்டாம்! குட்டி! உள்ளே குட்டி! என் குட்டி!"

துறையில் தாய் யானைகள் தங்கள் குட்டிகளை அதட்டும்போது எத்தனையோ தடவை கேட்ட சொற்கள் அவை. குஞ்சுக்கு யானைப் பேச்சில் என்ன சொல்வது என்று சொக்கிக்குத் தெரியாது. அதனால் குட்டி என்றே சொன்னது.

யானை சட்டென்று நெற்றியை எடுத்தது. துதிக்கையை மெல்லப் பொந்துக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தது. உள்ளேயிருந்து குஞ்சுகளின் மூச்சு வெதுவெதுப்பாக வந்தது.

"ஐயோ, தாயே! நான் கேட்டேனே, நீ தலையாட்டினியே!" என்றது யானை.

சொக்கி அழுதுகொண்டே சொன்னது. "நீ பேச்சு... நான் புரியலை."

"என்னது?"

"புரியலை. வணக்கம் மட்டும் தெரியும்."

யானை சிரிக்கவில்லை. சாய்ந்த மரத்தைத் தோளால் தாங்கி நிமிர்த்தியது. கிளம்பிய வேரின் மேல் மண்ணைத் தள்ளி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தியது. பிறகு புதர்ப் பக்கம் நடந்தது. நாலு எட்டு போனதும், திரும்பி நின்று நீளமாக எதையோ சொன்னது.

மறுபடியும் ஒன்றும் புரியவில்லை. சொக்கியின் தலை பழக்கத்தில் ஆடப் பார்த்தது. இந்த முறை சொக்கி அதை ஆடவிடவில்லை.

"புரியலை!" என்று கத்தியது. "இன்னொரு தடவை! மெதுவா!"

யானை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னது. "நாளைக்கு. என் கூட்டம் முழுசும். இந்த வழியா வருது. பசியோட வருது. அவங்ககிட்டயும். இதையே சொல்லு."

இதற்கும் தலையாட்டி வைத்திருந்தால்?

யானை போன பிறகு கிளியும் அணிலும் மெதுவாகத் திரும்பி வந்தன. சொக்கி கிளை நுனியில் உட்கார்ந்து, "மரம் வேண்டாம், உள்ளே குட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"இதை எந்தக் கரை மாதிரிச் சொல்றே?" என்று கிளி தயங்கித் தயங்கிக் கேட்டது.

"தெரியலை. என் பிள்ளைங்க நாளைக்கு உசுரோட இருக்கணும்" என்றது சொக்கி.

மறுநாள் கூட்டம் வந்தது. வாகை மரத்தின் உச்சியிலிருந்து ஒரு கீச்சுக்குரல் கேட்டது. முன்னால் வந்த யானை நின்று கேட்டது, விலகியது. அடுத்ததும் விலகியது. கடைசியாக வந்த சின்னக் குட்டி யானை மட்டும் அண்ணாந்து நின்று பொந்தையே பார்த்தது. உள்ளேயிருந்து குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தன.

நீதி: யாரைப் போலப் பேசுகிறோம் என்பதைவிட, சொல்ல வேண்டியதைச் சொல்வதும், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லிக் கேட்பதுமே முக்கியம்.