மூன்றாம் முடிச்சும் வருமான வரியும்

ராஜபாளையத்தில் புத்திசாலிகள் நிறையப் பேர் உண்டு. இந்தக் கதை மற்ற மூவரைப் பற்றியது.

பால்பாண்டி, முத்திருளன், காசிராஜன் மூவரும் நூல் மில்லில் வேலை பார்த்தார்கள். முகூர்த்த நாளானால் லீவு போட்டுவிட்டுக் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தார்கள்.

ஆடிட்டர் ஒருநாள் சொன்னார்: "கேமரா, லைட்டு, குடை வாங்குன செலவ வரியில கழிச்சுக்கலாம். ஆனா தொழிலுக்கு மட்டும்தான் எடுக்கணும். சொந்த உபயோகம் கூடாது."

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அன்று சாயங்காலமே கரண்டு போனது. முத்திருளன் பேட்டரி லைட்டை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் மீன்குழம்பு சாப்பிட்டான். முள் தொண்டையில் சிக்கியும் சுவிட்சைத் தொடவில்லை. அடுத்த வாரம் மழை வந்தபோது காசிராஜன் குடையைக் கேமராவுக்கு மட்டும் பிடித்துத் தொப்பலாக நனைந்தான்.

பால்பாண்டிக்குப் பெருமையாக இருந்தது. தனக்கே கல்யாணம் நிச்சயமானபோதுதான் சிக்கல் வந்தது. பெண் செல்வராணி நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. "நீங்க எடுக்குற மாதிரி ஒரு ஆல்பம் போதும்" என்று மட்டும் கேட்டிருந்தாள். சொந்தக் கல்யாணத்தை எடுத்தால் வரிச்சலுகை போச்சு, எடுக்காவிட்டால் அவள் ஆசை போச்சு. வேறு போட்டோக்காரரைக் கூப்பிடலாம் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைப் பால்பாண்டி இன்றுவரை வெளியே சொல்வதில்லை.

"பொண்ணு வீட்டுல நம்மள புக் பண்ணட்டும். அப்ப அது தொழிலு" என்றான் காசிராஜன்.

"பொண்ணு நம்ம பொண்ணுல்ல?" என்றான் முத்திருளன்.

"மூணு முடிச்சும் விழுந்தாத்தான் நம்ம பொண்ணு. அதுவரைக்கும் வெளியாளு."

"அப்ப மாப்பிள்ள?"

"அவன் அவங்க ஏற்பாடு பண்ணுன ஆளு. அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?"

பால்பாண்டிக்குக் கண் கலங்கியது. தன் கல்யாணத்தைப் பற்றி அவன்கூட இவ்வளவு தெளிவாக யோசித்ததில்லை.

முகூர்த்தத்தில் அவன் இரண்டு முடிச்சுப் போட்டான். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவது. அவன் அக்கா பேச்சியம்மாள் கயிற்றின் இரு முனைகளையும் பிடித்துக் குனிந்தாள். முத்திருளன் கேமராவுக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டினான்.

"அக்கா, அப்படியே நிறுத்துங்க. முடிச்சப் போட்டா சொந்தமாயிரும்."

"எம்புட்டு நேரம்டா?"

"படமெல்லாம் முடியட்டும்க்கா. கயித்த மட்டும் விட்றாதீங்க."

செல்வராணி லேசாகத் திரும்பினாள். "புடிங்க மதினி. ஆல்பம் நல்லா வரட்டும்."

பொருத்தம் பார்த்த ஜோசியர் கெட்டிக்காரர்தான்.

ஆல்பம் பிரமாதமாக வந்தது. பெரியவர்கள் ஆசீர்வதிக்கும் படத்தில் பெண்ணுக்குப் பின்னால் அக்கா கயிற்றோடு நிற்கிறாள். பந்தியில் பெண் சாப்பிடுகிறாள், அக்காவுக்கு யாரோ ஊட்டிவிடுகிறார்கள். கடைசிப் பக்கம் எட்டு நாள் கழித்துக் குற்றாலத்தில் எடுத்தது. புதுமணத் தம்பதி அருவியில் சிரித்துக்கொண்டு நனைகிறார்கள். பின்னால் அக்கா, கண்ணை இறுக மூடியபடி, இன்னும் கயிற்றை விடவில்லை.