ஒரு மூட்டைப் பருப்பும் இரண்டு சொல்லும்

கதையை மட்டும் கேட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றின் கடைவீதிக்கு ஒரு திமிர் உண்டு. நல்ல திமிர்தான். அங்கே எந்தக் கடைக்காரரும் "இல்லை" என்று சொல்வதில்லை. கேட்ட சரக்கு தன்னிடம் இல்லையென்றால், வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் வாங்கிவந்து அதே விலைக்குக் கொடுப்பார். இதற்குக் கைமாற்று என்று பெயர். கைமாற்றுக்கு வந்து நிற்பவரிடம் யாருக்கு, எதற்கு என்று கேட்கக்கூடாது. வீதிக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பக்கூடாது, அவ்வளவுதான். சின்னச் சின்னக் கடைகளெல்லாம் இத்தனை வருடம் நிமிர்ந்து நின்றது இந்த ஏற்பாட்டினால்தான்.

அந்த வீதியின் முனையில், மாநிலம் முழுக்கக் கிளை பரப்பிய ஒரு சூப்பர் மார்க்கெட் வந்து இறங்கியது. வீதிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ஏசிக் கடை. கொஞ்ச நாளிலேயே மளிகைக்கடைகள் ஈ ஓட்ட ஆரம்பித்தன. வியாபாரிகள் சங்கம் கூடியது. மளிகைக்கடை தங்கக்கனி எழுந்து, "நம்மள்ல யாரும் ஏசிக் கடைக்குச் சரக்கு குடுக்கப்புடாது. குடுத்தவங்களுக்கு இந்த வீதியில கைமாத்து கிடையாது" என்றாள். எல்லோரும் கை தூக்கினார்கள். சுயம்புலிங்கம் இரண்டு கையையும் தூக்கினார். எதிர்வரிசையில் அவரும் மளிகைக்கடைதான். அவருக்கும் தங்கக்கனிக்கும் வியாபாரத்தில் போட்டி, கைமாற்றில் கூட்டு.

தங்கக்கனியின் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய நெடுநாள் வாடிக்கையாளர் திரவியம் வாத்தியார் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஏசிக் கடைக்கு மாறிவிட்டார். மாறியதுகூடப் பரவாயில்லை. அவள் கடையைத் தாண்டும்போது குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒருநாள் மத்தியானம், ஏசிக் கடை மேலாளர் அருள்செல்வன் வீதிக்குள் நடந்து வந்தான். திண்டுக்கல்காரன், ஊருக்குப் புதுசு. மறுநாள் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு மொத்த மளிகையும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, துவரம் பருப்பைத் தவிர. அது வரவேண்டிய லாரி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அவன் முதலில் சுயம்புலிங்கத்திடம்தான் கேட்டான். உள்ளே மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்க, அவர் "பருப்பு இல்ல தம்பி" என்று கையை விரித்தார்.

அடுத்துத் தங்கக்கனியிடம் வந்தான். பருப்பு இருக்கிறது, ஆனால் உங்கள் கடைக்குத் தரமாட்டேன் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னாள். திரும்பி நடந்தவன் நின்றான். வாடிக்கையாளரை வேறு கடைக்குக் கைகாட்டக்கூடாது என்பது அவனுடைய கம்பெனியில் கண்டிப்பான சட்டம். ஆனாலும் சொன்னான்.

"அக்கா, எங்க கடைக்கு வேண்டாம். கல்யாணம் திரவியம் வாத்தியார் மகளுக்கு. பருப்புக்கு வாங்கின பணத்தை அவர்கிட்டயே திருப்பிக் குடுத்தர்றேன். நீங்களே நேரா அவருக்குக் குடுத்துருங்க. இங்க வரக் கூச்சப்பட்டு எங்க கடைக்குள்ள வேர்த்துப்போய் உக்காந்திருக்காரு."

தங்கக்கனிக்குக் குடை ஞாபகம் வந்தது. அந்த மனுஷருக்கு நன்றாக வேண்டும் என்று ஒரு மனசு சொல்லத்தான் செய்தது. ஆனால் பந்தியில் சாம்பார் இல்லாமல் ஒரு பெண்ணின் கல்யாணம் ஊர் வாயில் விழுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளிடம் இருந்தது அரை மூட்டைதான். நேரே சுயம்புலிங்கம் கடைக்குப் போய் ஒரு மூட்டை கைமாற்று கேட்டாள். வழக்கப்படி அவர் யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை வேறு. வாங்கியதை லோடு ஆட்டோவில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் தானே உட்கார்ந்து போய், கல்யாண வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தாள்.

விஷயம் தெரிந்ததும் சுயம்புலிங்கம் கொதித்துப்போனார். மறுபடி சங்கம் கூடியது.

"எம் மூட்டைய வச்சே ஏசிக் கடை மானத்தைக் காப்பாத்திட்டா. இவளுக்குக் கைமாத்தை நிறுத்துங்க" என்றார் அவர்.

கைமாற்று நின்றால் தங்கக்கனி கடையை மூடவேண்டியதுதான். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் போட்ட சட்டம் அவள் கழுத்துக்கே வந்து நின்றது. ஆனாலும் அவள் தலை குனியவில்லை. சொன்ன சொல் மாறாதவர் சுயம்புலிங்கம்தான் என்றார்கள் சிலர். தங்கக்கனி பக்கம்தான் நியாயம் என்றார்கள் வேறு சிலர். கம்பெனிச் சட்டத்தை மீறி, வந்த வியாபாரத்தையும் விட்டுக்கொடுத்த மேலாளர்தான் மூவரிலும் உசத்தி என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் வீதியின் சொல்லைக் காத்தவர் யார்?

விடை: தங்கக்கனி. மேலாளர் நல்ல மனசுக்காரன், சந்தேகமில்லை. ஆனால் அவன் வீதிக்குச் சொல் எதுவும் கொடுத்தவன் அல்லவே. சுயம்புலிங்கம் புதிய சொல்லைக் காப்பதற்காக, சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்லிப் பழைய சொல்லை உடைத்தார். தங்கக்கனி ஏசிக் கடைக்கு ஒரு மணிப் பருப்பும் கொடுக்கவில்லை, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை. "முனையும் நம்ம வீதிதான் அண்ணாச்சி. அங்க வந்து உக்காந்தவரு நம்ம வீதிக்கு வந்தவருதான்" என்று அவள் சங்கத்தில் சொன்னதும் சுயம்புலிங்கம் தன் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குப் போனது தன் கடை மூட்டை என்று அவர் இப்போது ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிகிறார். அருள்செல்வனும் "ஸ்டாக் இல்லை" என்பதை விட்டுவிட்டான், "வீதிக்குள்ள போங்க, கிடைக்கும்" என்கிறான். திரவியம் வாத்தியார் கொளுத்துகிற வெயிலிலும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் தங்கக்கனி கடைக்கு வருகிறார்.