வாளியும் தட்டும்

"மேஸ்திரி, இன்னைக்கும் புகைஞ்சு போச்சு" என்றான் ராயப்பன்.

அவன் தூக்கிவந்த வாளியில் படகில் பூசக் கலந்த ரெசின் பசை கல்லாக இறுகிக் கிடந்தது. நடுவில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது.

பவுலின் எட்டிப் பார்த்தாள். துறைமுகத்தை ஒட்டி பைபர் படகுகளைச் செப்பனிடும் கொட்டகை அவளுடையது. ராயப்பனைவிட இளையவள்தான். ஆனால் ரெசினில் ஹார்டனரை ஊற்றி எபாக்சிப் பசை கலக்கும் விஷயத்தில் அந்தக் கரையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"அளவு?"

"நீங்க சொன்ன அளவுதான். தராசுல வச்சுத்தான் ஊத்துனேன்."

"வெளிய வச்சிடுங்கண்ணே. ஆறட்டும்."

ராயப்பன் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். அவனும் அண்ணன் மிக்கேலும் ஒரே படகில் போனார்கள். படகு கவிழ்ந்தது. கரைக்கு வந்தது இவன் ஒருத்தன்தான். உயிரோடு வந்தது அவனுக்கு வெட்கமாக இருந்தது. என்ன நடந்தது என்று போலீசு கேட்டபோதுகூட 'அலை' என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டான்.

மிக்கேலின் மனைவி, மதினி சேசம்மாள் மட்டும் விடவில்லை. சாயங்காலமானால் கொட்டகை வாசலில் வந்து நிற்பாள்.

"தம்பி, அவரு கடைசியா என்ன சொன்னாரு?"

இவன் தலையைக் குனிந்துகொண்டு உப்புத்தாளால் படகைத் தேய்ப்பான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பாவம், அவள் வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?

"இந்த வேகமா இறுகுற ஹார்டனர் எனக்குச் சரிப்படல" என்றான் ராயப்பன் மறுநாள். "மெதுவானதைக் கொடுங்க."

கொடுத்தாள். அதுவும் புகைந்தது, கொஞ்சம் தாமதமாக.

அடுத்த தடவை அவளைக் கேட்காமலே ஹார்டனரைக் குறைத்து ஊற்றினான். வாளி சுடவில்லை. அப்பாடா என்று படகில் பூசிவிட்டுப் போனான். விடிந்து வந்து தொட்டால் இறுகாமல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"சுரண்டிடுங்க" என்றாள் பவுலின். "முழுசையும்."

சுரண்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை.

"எனக்குக் கத்துக்கொடுக்க உங்களுக்கு இஷ்டமில்லையா மேஸ்திரி? எல்லாரும் இதே சாமானைத்தானே கலக்குறாங்க. என் கையில மட்டும் ஏன் எரியுது?"

"அவங்க கலக்குறதைப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பார்கள். தீர்ந்தால் மறுபடி கலக்கும் மேசைக்கு வருவார்கள், வந்த இடத்தில் ரெண்டு பேச்சும் பேசிவிட்டுப் போவார்கள். ராயப்பனுக்கு அந்த மேசை ஆகாது. போனால் யாராவது எதையாவது கேட்பார்கள். அதனால் ஒரு வேளைக்கு வேண்டியதை ஒரே வாளியில் கலந்து தன் மூலைக்குக் கொண்டுபோய்விடுவான்.

பவுலின் அவனுடைய வாளியை எடுத்தாள். அவன் கலக்கும் அதே அளவைக் கலந்தாள். அடியையும் ஓரத்தையும் வழித்து நிதானமாகக் கிண்டினாள். பாதியை அகலமான ஒரு தட்டில் ஊற்றிப் பரப்பினாள். மீதியை வாளியிலேயே விட்டாள்.

"கையை வைங்க."

ஒரு கையைத் தட்டுக்கு அடியிலும் மறு கையை வாளிக்கு அடியிலும் வைத்தான்.

தட்டு அப்படியே இருந்தது. வாளி வெதுவெதுத்தது. பிறகு சுட்டது. அவன் கையை எடுக்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"பிறகு இது மட்டும் ஏன்?"

"குவிஞ்சு கிடக்குல்லா. சூடு வெளிய போக இடமில்ல."

வாளியிலிருந்து புகை கிளம்பியது. பவுலின் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை சிவந்து போயிருந்தது.

வாசலில் சேசம்மாள் வந்து நின்றாள்.

பவுலின் ஒரு முக்காலியைக் கொண்டுபோய் வாசலில் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். எதிரே இன்னொன்றைப் போட்டாள். பிறகு தட்டையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு படகுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

சேசம்மாள் கேட்டாள், எப்போதும் கேட்பதைத்தான்.

ராயப்பன் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"மதினி, காலி டீசல் கேன் ஒண்ணுதான் மிதந்துச்சு. அது ஒருத்தனைத்தான் தாங்கும். அண்ணன் அதை என் நெஞ்சோட சேத்து அழுத்திட்டு, 'நீ போ லே, நான் பொறவால வாறேன்'னு சொன்னாரு."