நிலவில் சுழன்ற விசிறி

குமிழியூர் ராஜ்ஜியத்தில் எல்லாமே பழசு. மின்சாரம் மட்டும் புதுசு. புது மாப்பிள்ளை மாதிரி அது எப்போது வரும், எப்போது கோபித்துக்கொண்டு கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு சித்திரை மாத நண்பகல். ராஜா வில்லவராயர் கொலுமண்டபத்தில் வீற்றிருக்கும்போது தலைக்கு மேல் விசிறி நின்றது. கிரீடத்துக்குள்ளிருந்து வியர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது.

"மாடிமேல் இத்தனை வெயில் வீணாய்க் காய்கிறதே! சூரியனைப் பிடித்து விசிறி சுற்ற வையுங்கள்!" என்று கர்ஜித்தார்.

அமைச்சர் தாமப்பர் இதற்காகவே காத்திருந்தவர் போல மறுநாளே தம் மச்சான் சோமநாதனை அழைத்து வந்துவிட்டார். சோமநாதன் மாதிரிக்கு ஒரு சந்திரப் பேனலைச் சபை நடுவே வைத்துவிட்டு, ஓலையைப் பிரித்து வாசித்தான்.

"பகலுக்குச் சூரியப் பேனல் ஐந்நூறு. இரவுக்குச் சந்திரப் பேனல் ஐந்நூறு. ஆக மொத்தம் இரண்டு லட்சம் பொன்."

"சந்திரப் பேனலா?"

"ஆமாம் மகாராஜா. நிலவொளியில் மின்சாரம் எடுக்கும். பேட்டரிச் செலவே கிடையாது. நிலவு குளிர்ச்சி அல்லவா? காற்றும் குளிர்ச்சியாகவே வரும்."

ராஜா சொக்கிப்போனார். சபையில் ஒரே ஒரு ஆள் மட்டும் நெளிந்தாள். அவள் பெயர் அலர்மேல்வல்லி. வாய்த்துடுக்குக்கென்றே அரசவையில் இடம் பிடித்தவள். அந்த இரண்டு லட்சம் பொன்னும் உடைந்துபோன ஏரிக்கரையைக் கட்ட ஒதுக்கியது என்பது அவளுக்குத் தெரியும். சந்திரப் பேனல் என்பது சுண்ணாம்பு அடித்த பழைய பேனல் என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மாதிரிப் பேனலின் ஒரு மூலையில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

"அரசே, இந்தக் கணக்கு இடிக்கிறது" என்றாள்.

தாமப்பர் சீறினார். "விகடம் பேசுகிறவளுக்கு விஞ்ஞானம் எதற்கு?"

ராஜாவுக்கும் கோபம் வந்தது. "வல்லி! நாளைக் காலைக்குள் குற்றத்தை நிரூபி. இல்லாவிட்டால் ஆயிரம் பேனலையும் ஆயுள் முழுக்கத் துடைக்கும் வேலை உனக்கு!"

வல்லியின் வாய் முந்திக்கொண்டது.

"நிரூபிப்பது இருக்கட்டும், அரசே. இவ்வளவு அருமையான பொருளை அமைச்சர் வீட்டில் அல்லவா முதலில் மாட்ட வேண்டும்? இன்று பௌர்ணமி வேறு. பழைய மின்கம்பியைக் கழற்றிவிடலாம். அமைச்சரும் மச்சானும் நிலாக் காற்றில் தூங்கி எழுந்து வரட்டுமே."

"பேஷ்!" என்றார் ராஜா. தாமே மச்சானை அழைத்து வந்து காட்டிய பொருளைத் தாமப்பர் எப்படி மறுப்பார்? தலையாட்டினார்.

வல்லி சும்மா இருக்கவில்லை. அன்று முழுக்க அரண்மனையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எத்தனை விளக்கு, எத்தனை விசிறி, எது எத்தனை நாழிகை ஓடுகிறது என்று எழுதிக்கொண்டாள். மாடியேறி நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். கால் வீங்கிப்போய்த்தான் வீடு திரும்பினாள்.

மறுநாள் சபைக்கு வந்த தாமப்பரைக் காவலாளிக்கே அடையாளம் தெரியவில்லை. முகம் பலாப்பழம் போல் வீங்கி முள்முள்ளாய்த் தடித்திருந்தது. சோமநாதனுக்கு ஒரு கண் திறக்கவே இல்லை.

"என்ன அமைச்சரே, விசிறி ஓடியதா?" என்றார் ராஜா.

"ஆகா! பிரமாதமாய் ஓடியது, மகாராஜா."

"முகம் ஏன் இப்படி? கொசுக்கடியா?"

"கொசுவா? சேச்சே! சந்தோஷத்தில் முகம் பூரித்துவிட்டது."

வல்லி கைகூப்பினாள். "கேட்கவே ஆனந்தமாக இருக்கிறது, அரசே! ஒரே இரவில் இவ்வளவு பூரிப்பு என்றால், அந்தச் சந்திரப் பேனல் அமைச்சர் வீட்டிலேயே நிரந்தரமாய் இருக்கட்டும். பழைய கம்பி இனி எதற்கு? அவர் மனைவி, மாமியார் எல்லோருமே பூரிக்கட்டும்!"

மாமியார் என்றதும் தாமப்பரின் தைரியம் உடைந்தது. தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார்.

"ஒரு ராத்திரி பூரித்ததே போதும், மகாராஜா! அது வெறும் சுண்ணாம்பு!"

சோமநாதன் அன்றே நாடு கடத்தப்பட்டான். தாமப்பர் பதவி இழந்து ஏரிக்கரையில் மண் சுமக்கப் போனார். ராஜா வல்லியிடம் திரும்பினார்.

"சரி, உண்மையில் எவ்வளவுதான் வேண்டும்?"

வல்லி தன் ஓலையைப் பிரித்தாள். "நாற்பது பேனல். இரண்டு இன்வெர்ட்டர். இரவுக்குப் பேட்டரி. மேற்கு மாடியில் கோபுர நிழல் விழுகிறது, அதனால் எல்லாம் தெற்கு மாடியில். மொத்தம் எட்டாயிரம் பொன்னில் முடிந்துவிடும். மிச்சப் பணத்தில் ஏரிக்கரையைக் கட்டலாம். ஆனால்..."

"ஆனால்?"

"அரண்மனையில் ஒரு இயந்திரம் இருக்கிறது. அதற்கு மட்டும் தனியாக இன்னொரு நாற்பது பேனல் வேண்டும்."

"எது அது?"

"தங்கள் மீசை உலர்த்தும் இயந்திரம், அரசே."

ராஜாவின் கை தானாக மீசைக்குப் போனது. இருபுறமும் முழ நீளம்.

"இதை ஈரமாக விடச் சொல்கிறாயா?"

"ஐயோ, மாட்டேன்! குளித்துவிட்டு மாடியில் கால் நாழிகை நின்றால் போதும். பேனலும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்."

"நாடாளும் ராஜா மாடியில் நின்று மீசை காய வைத்தால் ஊர் என்ன சொல்லும்?"

"'நம் ராஜாவுக்கு மீசை துவட்டிவிடச் சூரிய பகவானே தினமும் வருகிறார்' என்று சொல்லும், அரசே!"

வில்லவராயர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி வல்லிக்குப் போட்டார். அதற்குள் மின்சாரம் திரும்பி வந்து தலைக்கு மேல் விசிறி சுழன்றது.

"அதை நிறுத்துங்கள்!" என்றார் ராஜா. "எனக்கு மாடியில் வேலை இருக்கிறது."