பல்லி விழுங்கிய வார்த்தை

பல்லிக்கு வாய் நிறையப் பேச்சிருந்த அந்தக் காலத்தில், துறைமுகத்துக்குப் பின்னால் பவளப்பேட்டை என்று ஒரு பேட்டை இருந்தது. பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய இடம். தெற்கேயிருந்து செக்காட்ட வந்தார்கள், ஆந்திரத்திலிருந்து தறியோடு வந்தார்கள், சங்கு அறுக்கவும் படகுக்குப் பாய் தைக்கவும் வந்தார்கள். ஆள் வந்துகொண்டே இருந்தது, நிலம்தான் வளரவில்லை. ஆகவே இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர் என்று பேசி முடித்து, ஒட்டி ஒட்டிக் கட்டிக்கொண்டார்கள். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்மினார்கள்.

அந்தச் சுவர்களை எல்லாம் எழுப்பியவன் கொத்தன் தாண்டவராயன். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவனுக்குத் தெருவின் கடைசி மனைதான் மிஞ்சியது. அதற்கு அப்பால் வாய்க்கால். அவன் பெண்டாட்டி அடுப்படியில் உட்கார்ந்தபடியே மீன் பிடிக்கலாம் என்று பேட்டையில் கேலி செய்வார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். எத்தனை சிறியதானாலும் அது அவன் கையால் பூசிய வீடு.

நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடியது பல்லி. கூரை இடுக்கு வழியாகப் போய், புளி இருக்கிறதா, உலை கொதித்துவிட்டதா என்று ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எழுந்து போகிற வேலை மிச்சம் என்று எல்லோரும் அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். கேட்டதை ஒளிக்காமல் சொல்வது தன் குலப்பெருமை என்று அதற்கு நினைப்பு. ஒரே ஒரு குறை, அதற்குத் தெலுங்கு அரைகுறை. அதை ஒப்புக்கொள்ளும் பணிவு அறவே கிடையாது.

முதல் வீடு செக்குக்கார ஆவுடையம்மாளுடையது. அடுத்தது நெசவுக்கார வெங்கம்மாவுடையது. ஒரு மழைநாளில் வெங்கம்மா வீட்டுக் கூரை ஒழுக, ஆவுடையம்மாளின் மகன் யாரும் கூப்பிடாமலே ஏறி ஓடு மாற்றிக் கொடுத்தான். வெங்கம்மா மனம் குளிர்ந்து சுவரைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னாள். பல்லி இடுக்கில் புகுந்து இந்தப் பக்கம் தலையை நீட்டியது.

"ஆவுடையம்மாளுக்கு நல்ல கொடுக்கு இருக்காம். வெங்கம்மா சொன்னா."

எள் புடைத்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாளின் முறம் நின்றது. "எனக்கா? கொடுக்கா? நான் என்ன தேளா?" என்றவள் விளக்குமாற்றை வீசினாள். பல்லி தப்பியது, வால் தப்பவில்லை. அறுந்த வால் தரையில் கிடந்து, இன்னும் ஏதோ சொல்ல பாக்கியிருப்பதுபோல் துள்ளியது. வெங்கம்மாவிடம் போய்ச் சொல் என்று அவள் ஒரு பதிலும் கொடுத்தாள். அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது. பயந்துபோன பல்லி பதிலோடு கூரை மூங்கிலுக்குள் பதுங்கிக்கொண்டது.

ஆவுடையம்மாள் விடவில்லை. தெருவில் நின்று, இனி தனக்குத் தனிச்சுவர் வேண்டும், வெங்கம்மா வீட்டைப் பிரித்து ஒரு முழம் தள்ளிக் கட்டிக்கொள்ளட்டும் என்று அறிவித்தாள். காரணம் புரியாவிட்டாலும் வெங்கம்மாவுக்கு ரோஷம் வந்தது. மூன்றாம் வீடு தள்ளினால் தானும் தள்ளத் தயார் என்றாள். தறிச்சத்தத்தில் காது அடைத்துக் கிடந்த மூன்றாம் வீட்டார் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். நாலாம் வீட்டாருக்கு மூன்றாம் வீட்டின் குறட்டையிலிருந்து விடுதலை கிடைத்தது. பந்தியில் தள்ளி உட்காரச் சொல்வதுபோல் பேச்சு வீடு வீடாக நகர்ந்து வந்தது.

கடைசியில் எல்லோரும் தாண்டவராயனிடம் வந்து, மண்சுவர்தானே, பிரித்துக் கட்டிக் கொடு என்றார்கள். தெரு முழுக்க வேலை என்று பூரித்துப்போய் நூலைப் பிடித்து அளந்தான். வீட்டுக்கு ஒரு முழமாகக் கூடிக்கொண்டே வந்த நூல் அவன் வாசலைத் தாண்டியது, கூடத்தைத் தாண்டியது, அடுப்படியையும் தாண்டி வாய்க்காலில் போய் நின்றது. அவனுக்குத் தள்ளிக்கொள்ள இடமில்லை. யாருக்கும் அவன்மேல் கோபமில்லை, ஆனாலும் தண்ணீருக்குள் போவது அவன் வீடு. 

மறுநாள் ஆவுடையம்மாளிடம் காரணத்தைக் கேட்டுக்கொண்டு, நூலும் கையுமாக வெங்கம்மா வீட்டுக்குள் போனான். எந்த வாயால் ஆவுடையம்மாளுக்குக் கொடுக்கு இருக்கிறது என்று சொன்னாய் என்று கேட்டுவிட்டான்.

"என்ன சொன்னேன் அன்னா? மஞ்சி கொடுகுன்னேன். அதுல தப்பு ஏமுந்தி?"

"கொடுகுன்னா?"

மூலையில் கேழ்வரகுக் களியை உருட்டி உள்ளே தள்ளிக்கொண்டிருந்த தன் பிள்ளையைக் காட்டினாள். "இதோ, நான் பெத்தது. இவன்தான் நா கொடுகு. மகன்னு சொல்வீங்களே."

தாண்டவராயனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சுற்றிப் போக மனம் பொறுக்காமல், இடுப்பில் செருகியிருந்த பூச்சுக் கரணையின் பிடியால் நடுச்சுவரைத் தட்டினான்.

"தங்கச்சி, உனக்கு நல்ல கொடுக்குன்னு அவ சொன்னது உன் மகனைத்தான். தெலுங்கு. நீ நல்ல பிள்ளையைப் பெத்திருக்கேன்னு சொல்லியிருக்கா."

சுவருக்கு அப்பால் முறத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஆவுடையம்மாளின் குரல் சன்னமாக வந்தது.

"அண்ணே, நான் பல்லிகிட்ட ஒரு பதில் சொல்லியனுப்பினேன். அது அங்க வந்துருச்சா?"

"ஏமி பதில்?" என்று வெங்கம்மா நிமிர்ந்தாள்.

கூரை மூங்கிலிலிருந்து வாலில்லாத பல்லி தலையை நீட்டியது. கேட்டதை ஒளிக்காத குலம். வாயைத் திறந்தும்விட்டது. தாண்டவராயன் அதை அண்ணாந்து பார்த்தான். கையிலிருந்த நூலைத் தூக்கிக் காட்டினான். பல்லி நூலைப் பார்த்தது, அவன் முகத்தைப் பார்த்தது, இல்லாத தன் வாலையும் திரும்பிப் பார்த்தது. தொண்டை வரை வந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து முதன்முறையாக விழுங்கியது.

"த்ச்சு, த்ச்சு" என்று உச்சுக்கொட்டியது. அவ்வளவுதான்.

அந்த வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கொண்டதால் அதற்குப் பிறகு வேறெந்த வார்த்தையும் அதைத் தாண்டி வர முடியவில்லை. பேட்டைக்காரர்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பல்லி வாயைத் திறந்தால் சுவரைத் தட்டி, அந்தப் பக்கத்து ஆளையே நேரில் கேட்டுக்கொள்வது. தாண்டவராயன் நூலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்படியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான்.

பல்லி உச்சு மட்டும் கொட்டுவதும், அடிபட வந்தால் வாலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடுவதும் அன்று முதல்தான். பல்லி சொன்னதும் நம் விரல் தானாகப் போய்த் தட்டுகிறதே, அதுவும் அன்று முதல்தான். தட்டிவிட்டுப் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்பதுதான் நமக்கு விட்டுப்போயிற்று.