எடுங்கோ என்று கத்தியவன்

என் தூண்டிலின் தங்கூசி நரம்பை அறுத்தவன் அரியரட்ணம். மற்றதெல்லாம் பிறகு.

கடலுக்குள் நீளும் பழைய ஜெட்டியில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் நாங்கள். யாருக்கும் அது பிழைப்பு இல்லை. நான் பேக்கரியில் பாண் ரொட்டி வேகும் போறணை அடுப்புக்கு முன்னால் நின்று ஓய்ந்தவன். அரியரட்ணம் சங்கக் கடை மனேச்சராக இருந்தவன். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குப் பெரிய மீன் பட்டால் அவர் "எடுங்கோ" என்று கத்துவார். மற்ற எல்லோரும் உடனே தங்கள் தங்கூசியைச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் மீன் ஓடுகிற ஓட்டத்தில் எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

போன வருடம் சோளகக் காற்று அடங்கிய ஒரு பின்னேரம் எனக்குப் பாரை மீன் பட்டது. அப்படி ஒன்று என் வாழ்க்கையில் பட்டதில்லை. கத்தினேன். எல்லோரும் எடுத்தார்கள். அரியரட்ணம் எடுக்கவில்லை. அவனுடையதும் என்னுடையதும் சிக்கின. அவன் கத்தியை எடுத்தான். தன்னுடையதை அறுக்கவில்லை.

"பழைய தங்கூசி. தானா அறுந்தது" என்றான்.

நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு தங்கள் தங்கூசியைத் திரும்பப் போட்டார்கள். அதே ஆட்களுக்கு முன்னால் "நான்தான் அறுத்தனான்" என்று அவன் சொல்ல வேண்டும். எனக்கு வர வேண்டியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறினேன். கல்லடிப் பாலத்தில் போட்டேன். வாகரையில் போட்டேன். மன்னாரில் ஒரு கிழமை நின்றேன். கற்பிட்டியில் வெள்ளைக்காரர்களோடு படகில் போய், அவர்களுடைய தூண்டில் ராடையே வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கடல் சரியில்லை என்று குளத்துக்கும் போனேன். போட்ட இடத்தில் உட்காரும்போதே அடுத்த இடம் நினைவுக்கு வந்துவிடும்.

கடைசியில் திரும்பி வந்து எமில்டா ரீச்சரிடம் போனேன். அவர் என்னைவிட இளையவர். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஜெட்டியில் எங்களுக்கு முடிச்சுப் போடவும் நீரோட்டம் பார்க்கவும் சொல்லித் தந்தவர் அவர்தான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிழவனான பிறகுதான் எனக்கு ஒரு ரீச்சர் வாய்த்தார்.

அவர் ஜெட்டி ஓரத்தில் இருந்து, இரைக்கு இறாலின் ஓட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், இந்த நாட்டைச் சுத்திவரக் கடல். எங்க போட்டால் அந்தப் பாரை அம்பிடும்?"

"எங்கெங்க போட்டீங்கள், அண்ணை?"

சொன்னேன்.

"ஒண்டும் அம்பிடேல்லையோ?"

"எல்லாம் அம்பிட்டது. அது அம்பிடேல்லை."

அவர் ஒரு இறாலைத் தூண்டிலில் கொளுவித் தன் ராடை என் கையில் தந்தார்.

"இந்த இடத்தில போடுங்கோ."

"இந்த இடத்திலயோ? அவன் அங்க நிக்கிறான்."

"அவர் எப்பவும் அங்கதானே நிக்கிறவர்."

போட்டேன். கொஞ்ச நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். இறால் அப்படியே இருந்தது. திரும்பப் போட்டேன். திரும்ப எடுத்தேன்.

"பாண் வெந்திட்டுதோ எண்டு போறணையையும் இப்பிடித்தான் திறந்து திறந்து பாப்பீங்களோ?"

"திறந்தால் பாண் அமுங்கிப் போகும், ரீச்சர்."

"ம்" என்றார். அடுத்த இறாலைக் கையில் எடுத்தார்.

அன்றைக்குக் கும்பளா மீன் கூட்டம் வந்தது. ஜெட்டியில் எல்லோருக்கும் கை ஓயவில்லை. ஆஸ்பத்திரியில் காவலுக்கு நிற்கிற காசிம் நானாவுக்குக் கிழமையில் அந்த ஒரு பின்னேரம்தான் லீவு. அவர் சிரித்துச் சிரித்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் என் கையிலிருந்த ராடு வளைந்தது. நுனி தண்ணீரைத் தொட்டது. இரண்டு கையாலும் பிடித்தேன்.

"எடுங்கோ!"

எல்லோரும் எடுத்தார்கள். காசிம் நானாவும் எடுத்தார். அரியரட்ணமும் இந்த முறை எடுத்தான். எடுத்துவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

இழுத்தேன். அது அசையவில்லை. காலை உதைத்து நின்று இழுத்தேன்.

"என்ன அரியம், இண்டைக்குக் கத்தி கொண்டு வரேல்லையோ?"

"என்ன கத்தி?" என்றான் அவன்.

அதைக் கேட்டதும் இன்னும் பலமாக இழுத்தேன். தோள் எரிந்தது. ரீல் முனகியது. கீழே கும்பளா வெள்ளி வெள்ளியாகப் புரண்டு கடந்து போனது.

"ஐயா, மீன் போகுதே" என்றார் காசிம் நானா.

"பொறுங்கோ நானா. ஏறுது."

"என்னத்த ஏறுது? வந்ததில இருந்து அதே இடத்திலதானே நிக்கிது."

ரீச்சர் எழுந்து வந்தார். ஒரு விரலைத் தங்கூசியில் வைத்தார்.

"அண்ணை, இழுக்காமல் நில்லுங்கோ."

"விட்டால் போயிடும்."

"போகுதோ எண்டு பாப்பம்."

மனமில்லாமல் கையைத் தளர்த்தினேன். தங்கூசி தொய்ந்தது. அப்படியே கிடந்தது.

"இப்ப இழுங்கோ."

இழுத்தேன். ராடு வளைந்தது.

"விடுங்கோ."

விட்டேன். தொய்ந்தது.

காசிம் நானா தலையில் கை வைத்தார். "கல்லு. அல்லாவே, இவ்வளவு நேரமும் கல்லுக்கா எடுத்தனாங்கள்?"

யாரோ சிரித்தார்கள். அரியரட்ணம் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

"ரீச்சர், பெரிய மீன் கல்லுக்குள்ள போய்ப் படுக்கும் எண்டு நீங்கதான் சொன்னனீங்கள்."

"ஓம். சொன்னனான்."

"அப்ப?"

"மீன் எண்டால், நீங்கள் இழுக்காத நேரமும் அது இழுக்கும், அண்ணை."

ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்குப் போனார்கள். அரியரட்ணமும் தன் இடத்துக்குப் போய் இரை கொளுவினான். மீன் கூட்டம் பெரும்பாலும் கடந்துவிட்டது. வாலில் வந்தவைதான் மிச்சம்.

"அறுத்து விடட்டோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"வேண்டாம்."

"கல்லு எண்டு தெரியுது."

"தெரியுது. அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், ரீச்சர். அதுக்குப் பிறகு எதையும் அறுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அவரிடம் படித்த பிள்ளைகள் அந்தப் பார்வையை அறிந்திருப்பார்கள். பிறகு ராடைத் தொடாமல், தன் இறால் சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அப்ப பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. மற்றவையளை எடுக்கச் சொல்லாதையுங்கோ."

நான் பிடித்துக்கொண்டு நின்றேன். என் இரண்டு பக்கமும் எல்லோரும் போட்டார்கள். அரியரட்ணம் அந்த வார்த்தையை இன்னும் சொல்லவில்லை.